அத்தைக்கு எத்தனை ஜிமெயில்?

எங்கள் குடும்பத்தில் யார் புதுப் போன் வாங்கினாலும் பழைய போனும் சேர்ந்து என்னிடம் வந்துவிடும். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குப் போன் தெரியாதா என்ற நம்பிக்கைதான். நான் பார்ப்பதோ சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, தட்டிக்கழிக்கிறான் என்று நினைக்கிறார்கள். சரி, கொடுங்கள் என்று வாங்கி, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே உட்கார்ந்து, பழையதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொடுத்துப் பழகிவிட்டது. எந்த ஆப்பில் மாற்றுவது, கேபிள் வேண்டுமா, எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதெல்லாம் என்றைக்கோ தீர்ந்துபோன விஷயம். சாம்சங்குக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச் இருக்கிறது, விவோவுக்கு ஈஸிஷேர் இருக்கிறது, ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குத் தாவுகிறவர்களுக்கு ஆப்பிளே 2015-இல் மூவ் டு ஐஓஎஸ் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டது. ஒருகாலத்தில் படமும் பாட்டும் அனுப்ப ஷேர்இட்டோ ஜெண்டரோ இல்லாத போனைப் பார்ப்பது அபூர்வம். 2020 ஜூன் மாதம் 59 சீன ஆப்களுக்குத் தடை வந்தபோது இரண்டும் போயின, யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து க்யூஆரைக் காட்டினால் படமும் பாட்டும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது வேறு. "இந்தப் போன்ல எந்த ஜிமெயில் போட்டிருக்கீங்க?" பெரும்பாலும் பதில் வராது. "அதெல்லாம் கடைக்காரத் தம்பி போட்டுக் குடுத்துச்சு" என்பார்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பை இறக்க ப்ளே ஸ்டோர் வேண்டும், ப்ளே ஸ்டோருக்குக் கூகுள் கணக்கு வேண்டும். ஆயுளில் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பாத, இனியும் அனுப்பப்போகாத ஒருவருக்கு இப்படித்தான் ஒரு மின்னஞ்சல் முகவரி வந்து சேர்கிறது. கவுன்டரில் நிற்கும் பையன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் கேட்டு, பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டாகப் போட்டு, பேச்சுவாக்கில் முடித்துவிடுவான். அடுத்த போன் வாங்கும்போது அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. மறுபடி இன்னொன்று. வீட்டைக் கட்டியது நாம், பத்திரம் மட்டும் கொத்தனார் பெயரில் என்கிற மாதிரி.

பாக்கி 350 சாந்தி

இது எனக்கு முழுதாக உறைத்தது அத்தையின் போனைக் கையில் எடுத்தபோதுதான். அத்தை மதுரை ஆரப்பாளையத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். பிளவுஸ், சுடிதார், சேலைக்கு பால்ஸ் அடிப்பது. ஆரி வேலை வந்தால் வெளியே கொடுத்து வாங்குவார். அளவெல்லாம் நீள நோட்டில் இருக்கும். மற்றதெல்லாம் போனில். அவருடைய கான்டாக்ட் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாலே கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். லட்சுமி டீச்சர் போட் நெக். மாடி வீட்டுக் கவிதா. கவிதா ரெண்டு. ஆரி செல்வி. பட்டன் கடை. பாக்கி 350 சாந்தி. சாந்தி பணம் கொடுத்ததும் அந்தப் பெயர் வெறும் சாந்தி ஆகிவிடும், அடுத்த முறை கடன் வைத்தால் மறுபடி தொகையோடு வரும். இந்தக் கணக்கு முறையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

படங்கள் இன்னொரு கதை. ஒவ்வொரு பிளவுஸும் முடிந்ததும் பின்கழுத்தை ஒரு படம் எடுத்துவிடுவார். அடுத்து வருகிறவர்களுக்குக் காட்ட அதுதான் 'மாடல்'. வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று வீட்டிலிருந்து அனுப்பும் படங்களும் இருக்கும். தோள் இறக்கமாக இருக்கிறது, கை பிடிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும் புகார்களும் இருக்கும். தீபாவளிக்கு முன்னால், சரியாகத் துணி குவிந்து கிடக்கும் நேரத்தில், போன் அடிக்கடி உறைந்துபோக ஆரம்பித்தது. போன் எடுத்தால் குரல் கேட்காது, குரல் கேட்டால் திரை வராது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருந்த ஒரு கடைக்கு அத்தையோடு நானும் போனேன்.

மாடலைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி, பில் போடும் கட்டம் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. பையன் பழைய போனை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா, மெயில் ஐடி பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அது எனக்கு எங்கய்யா தெரியும்? நீங்கதான போட்டுத் தந்தீங்க."

"இந்தக் கடையில இல்லம்மா. சரி விடுங்க, புதுசா ஒண்ணு போட்டுக்கிறேன். நம்பர் எல்லாம் வந்துரும், பழசை ரீசெட் அடிச்சுரலாம்."

நான் அங்கேதான் கையை நீட்டிப் போனை வாங்கினேன். செட்டிங்ஸில் கணக்குகளைத் திறந்தால் இரண்டு ஜிமெயில் இருந்தது. ஒன்று அத்தையின் பெயரோடு பிறந்த வருஷம் சேர்ந்தது. இன்னொன்று அத்தையின் பெயருக்குப் பின்னால் முன்பு போன் வாங்கிய கடையின் பெயர்ச்சுருக்கம். அத்தைக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். கான்டாக்ட்டைப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் முதல் கணக்கில், நிறைய இரண்டாவதில், பழைய ஆட்கள் சிலர் சிம்மில், மிச்சம் போனின் உள்நினைவில். புது எண்ணைச் சேமிக்கும்போது எங்கே வைக்கட்டும் என்று போன் முதல்முறை கேட்கும். அன்றைக்கு எதைத் தொட்டோமோ அதுவே வழக்கமாக நின்றுவிடும். பையன் சொன்னபடி மூன்றாவதாக ஒன்றைப் புதிதாகத் திறந்து, பழையதை அழித்திருந்தால், சிம்மில் இருந்த சித்தப்பா பெரியப்பாக்கள் மட்டும் பத்திரமாக வந்திருப்பார்கள். பாக்கி வைத்த சாந்தி தப்பித்திருப்பார்.

"ஆஃபர் இன்னைக்கோட முடியுதுண்ணே" என்றான். இருக்கட்டும் தம்பி, பழைய போன் நாளைக்கு வரும் என்றேன். மேலாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, பில்லைப் போட்டுவிடுகிறேன், காலையில் கொண்டுவந்து கொடுங்கள் என்றான். நல்ல பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பண்டிகைக் கூட்டத்தில் வரிசையில் நிற்கிற யாருக்குமே பாஸ்வேர்டு தெரியாதபோது அவனும் என்னதான் செய்வான்?

விரலுக்குத் தெரிந்தது

ராத்திரி அத்தை மிஷினில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடை பெயரோடு இருந்த கணக்கில்தான் எல்லாமே இருந்தது. கூகுள் போட்டோஸைத் திறந்து பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது. போனில் இடமில்லை என்று யாரோ, அநேகமாக அத்தை மகன், எப்போதோ 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பொத்தானை அமுக்கியிருக்கிறான். கூகுளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட படங்களைப் போனிலிருந்து அழிக்கும் பொத்தான் அது. அமுக்கிய பிறகும் அந்த ஆப்பில் படங்கள் முன்போலவே தெரியும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கேபிள் போட்டு மாற்றினால் அவை வராது, ஏனென்றால் போனில் அவை இல்லை. அத்தையின் மாடல்களில் பெரும்பகுதி, அவருக்குப் பாஸ்வேர்டு தெரியாத, வேறு யாரோ பெயர் வைத்த ஒரு கணக்கில் கிடந்தது. அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாக, அதாவது பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி போகும் எண்ணாக, இருந்ததும் அத்தையின் எண் இல்லை. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. கடைப் பையனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை. பின்கழுத்துப் படங்கள், போட்டுப் பார்த்து அனுப்பிய படங்கள், பெயரும் எண்ணுமாக ஒரு தெருவின் பெண்கள் அத்தனை பேரும். எங்கேயோ ஒரு கடையில் வேலை பார்த்த யாரோ ஒருவர் நினைத்தால் அந்தக் கணக்குக்குள் போயிருக்கலாம். போயிருக்க மாட்டார். தினம் தினம் திறந்துகொடுக்கிற கணக்குகளில் ஒன்றை யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்? ஆனாலும் அது அவருடைய நல்ல குணத்தால் நடந்தது, அத்தையின் கையில் எதுவும் இல்லை.

சரி, மீட்க முடியுமா? புதுப் போனிலிருந்து பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று முயன்றால் அந்தத் தெரியாத எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது. அதை நிறுத்திவிட்டுப் பழைய போனை எடுத்தேன். பல வருஷமாக அந்தக் கணக்கு அந்தப் போனில்தான் உள்நுழைந்தபடியே இருக்கிறது. செட்டிங்ஸில் கூகுள், பாதுகாப்பு, பாஸ்வேர்டு என்று போய், அங்கேயும் மறந்துவிட்டது என்பதைத் தொட்டேன். இந்தமுறை யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. இது உங்கள் போன்தானா, திரைப் பூட்டைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டது.

"அத்தை, பேட்டர்ன் போடுங்க."

மிஷினை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டியிருந்த நூலை உதறிவிட்டு வந்தார். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. விரல் மேலிருந்து இறங்கி, வளைந்து, பக்கவாட்டில் போய் நின்றது. புதுப் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுங்கள் என்று திரை வந்தது. அத்தை அதைப் பார்க்காமலே திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார். அந்த முழு ஏற்பாட்டிலும் அவருக்குச் சொந்தமாக இருந்த ஒரே ரகசியம் அந்தக் கோலம்தான், அது போதுமானதாக இருந்தது. நான் பையனிடம் பழைய போனைக் கொடுத்து, அவன் அதை ரீசெட் செய்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும். எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் எல்லோரும் அவசரப்படுத்துவது இந்த ஒரு பொருளைத்தான் என்பதை நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015-லிருந்து, திரை பூட்டியிருக்கும் போனை, பூட்டைத் திறக்காமல் ரெக்கவரி என்ற மெனு வழியாக ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கையோ பழைய பூட்டையோ கேட்டு நிற்கும். திருடனுக்காக வைத்தது. கணக்கு எது என்று தெரியாத சொந்தக்காரரையும் அது அதே மாதிரிதான் நிறுத்தும்.

அதற்கப்புறம் வேலை ஓடிவிட்டது. எல்லாக் கான்டாக்ட்டையும் விசிஎஃப் என்கிற ஒரே கான்டாக்ட் கோப்பாக எடுத்து ஒரே கணக்கில் ஏற்றினேன், இரட்டையாக வந்தவர்களைச் சேர்த்தேன். மீட்பு எண்ணாக அத்தையின் எண்ணைப் போட்டேன், இரண்டாவதாக அத்தை மகனுடையதை. கவிதாவையும் கவிதா ரெண்டையும் ஒரே ஆள் என்று போன் சேர்த்துவைக்கப் பார்த்தது, அதை மட்டும் அத்தையிடம் கேட்டுப் பிரித்தேன். இருவருக்கும் அளவே வேறாம்.

நம்பரை நம்பி வாழ்கிறவர்கள்

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். வாட்ஸ்அப் கணக்கு போன் எண்ணை வைத்துத்தான். அத்தைக்குத் தன் எண் தெரியும், சிம் அவரிடம் இருக்கிறது, ஆகவே அது சுலபமாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. எண்ணும் அதுவாக இருக்க வேண்டும், ஜிமெயிலும் அதுவாக இருக்க வேண்டும். கடையில் புது ஜிமெயில் போட்டுத் தந்திருந்தால் பேக்கப் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கும், அத்தையும் சரி போகட்டும் என்று விட்டிருப்பார். பலர் வீட்டில் பழைய சாட் மொத்தமும் காணாமல்போவது இப்படித்தான். அத்தையின் விஷயத்தில் ஜிமெயில் சரியாக இருந்தும் பேக்கப் மாதக்கணக்கில் ஆகவில்லை. முன்பெல்லாம் வாட்ஸ்அப் பேக்கப்பைக் கூகுள் இடக்கணக்கில் சேர்க்காது, 2024-லிருந்து சேர்க்க ஆரம்பித்துவிட்டது. படங்களுக்கு இருந்த அளவில்லா இலவசமும் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு போனது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி பின்கழுத்துகளாலேயே நிரம்பியிருந்தது.

நல்லவேளை, ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு ஜிமெயிலே வேண்டாத ஒரு வழியை வாட்ஸ்அப் 2023-இல் கொண்டுவந்துவிட்டது. பழைய போனில் சாட்ஸ் பகுதிக்குள் டிரான்ஸ்ஃபர் என்று இருக்கும். புதுப் போனில் அதே எண்ணைப் பதிவு செய்து, அது காட்டும் க்யூஆரைப் பழைய போனால் பிடித்தால், நடுவில் யாரும் இல்லாமல் நேராகப் போகும். இரண்டிலும் வைஃபை போட்டிருக்க வேண்டும், திரையை அணையவிடக் கூடாது. பழைய போன் நடுவில் உறைந்து, மறுபடி ஆரம்பித்து, லட்சுமி டீச்சர் ஊக்கு வைக்கிற இடத்தைப் பற்றிப் போட்ட பதிவு உட்பட எல்லாம் வந்து சேர்ந்தது.

காலையில் யூபிஐ. இது நேரெதிர், ஜிமெயில் பற்றிக் கவலையே படாது. வங்கியில் இருக்கும் எண்ணின் சிம் போனில் இருக்கிறதா என்று பார்க்க அந்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போகும், அவ்வளவுதான். சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டைக்குப் போன் மாறியதே தெரியாது. வாடிக்கையாளர்கள் பணம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் போன் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு நாம் அனுப்பும் தொகைக்கு 5,000 ரூபாய் வரம்பு உண்டு. அத்தை விளக்குத்தூண் பக்கம் லைனிங் துணி எடுக்கப் போயிருந்தார். எனக்கு அங்கிருந்து போன் வந்தது. "ஏய்யா, என்னத்தப் பண்ணி வச்ச?" மீதியை நான் அனுப்பினேன்.

இப்படிப் பார்க்கும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. நமக்கு ஒரு பழக்கம் உண்டு: அவங்களுக்கு டெக்னாலஜி வராது என்று சொல்லிவிடுவது. அத்தைக்குத் தெருவில் பாதிப் பேருடைய தோள் அளவு நோட்டைப் பார்க்காமல் வரும். வங்கி எண் தெரியும், ஆதார் எண் தெரியும், எந்தக் கேஸ் சிலிண்டர் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதுகூடத் தெரியும். அவர் உபயோகப்படுத்தும் எதற்கும் அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. அவர் உபயோகப்படுத்தவே உபயோகப்படுத்தாத ஒன்றை, அதாவது மின்னஞ்சலை, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டு ஞாபகம் வைத்திருக்கச் சொல்கிறோம். அவர் எப்படி ஞாபகம் வைத்திருப்பார்?

எண்ணை நம்புவதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அத்தையின் முதல் ஸ்மார்ட்போனில் வேறொரு ஜிமெயில் இருந்திருக்கிறது, அதன் மீட்பு எண் அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண். செயலிழந்த எண்ணை 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பது நம் ஊர் விதி. அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரோ ஒருவர் எடுத்து லோடு எப்ப வருது என்று கேட்டார். இரண்டு வருஷம் தொடாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கிவருகிறது, ஆகவே அது இந்நேரம் இருக்கவும் வாய்ப்பில்லை. அதில் கடை திறந்த புதிதில் எடுத்த படங்கள் இருந்திருக்கும். அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அந்த மாடலெல்லாம் இப்ப யாரு போடுறா?" என்றார்.

பழைய போனைக் கடையில் கொடுக்கும்போது அதே பையன்தான் இருந்தான். எல்லாம் வந்துருச்சாண்ணே என்றான். வந்துவிட்டது, மெயில் ஐடி இருக்கிறதா என்று வருகிறவர்களிடம் கேட்டு, பழைய போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் ரீசெட் செய்யக் கூடாதா தம்பி என்றேன். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் ஆகுமேண்ணே என்று சிரித்தான். அதுவும் உண்மைதான்.

பாஸ்வேர்டை அத்தை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். ஜிமெயில், பாஸ்வேர்டு, மீட்பு எண் யாருடையது, மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடுப்பு, தோள், கை எழுதுகிற மாதிரியே. எழுதி வைக்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வகுப்பே எடுப்பார்கள். நான் தடுக்கவில்லை. கணக்கைத் திருட நினைக்கிறவன் எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிறான், அவன் இந்த நோட்டைப் புரட்ட ஆரப்பாளையம் வரப்போவதில்லை. பொங்கலுக்குப் போனபோது ஏதோ தேடுகையில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. அத்தையுடையதற்குக் கீழே ஆரி செல்வியின் ஜிமெயில், பாஸ்வேர்டு. அதற்கும் கீழே மாடி வீட்டுக் கவிதாவுடையது, பூக்காரம்மாவுடையது. எல்லோரும் போன் மாற்றினார்களாம், அத்தைதான் பக்கத்தில் நின்று பேட்டர்ன் போடவைத்து மாற்றிக்கொடுத்தாராம். மீட்பு எண் என்ற இடத்தில் நால்வருக்கும் அத்தையின் எண்தான் இருந்தது. இதைப் பற்றி அவரிடம் பேச வேண்டும், இன்னும் பேசவில்லை.